லிஞ்ச்: ஓர் ஐரிசுக் குடும்பப்பெயரின் தோற்றமும் பரம்பலும்

பெயர் என்பது ஒருவரை மற்றொருவரினின்றும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் மாத்திரமன்று. ஒரு மக்கட் கூட்டத்தின் மொழி, ஆட்சி, நிலவுரிமை, சமயம், புலப்பெயர்வு ஆகியவற்றின் சுவடுகளையும் அது தன்னகத்தே கொண்டுள்ளது. அரசரின் பட்டயங்களும் போர்க் குறிப்புகளும் வரலாற்று மூலங்களாக ஏற்கப்படுமாயின், சாதாரண மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிவந்த குடும்பப்பெயர்களும் அவ்வாறே ஏற்கப்படத் தக்கன. ஆயினும் இம்மூலத்தைக் கையாள்வோர் ஒரு தவற்றுக்கு எளிதில் ஆளாகின்றனர். ஒரே பெயரைத் தாங்கியோர் அனைவரும் ஒரே முன்னோனின் வழித்தோன்றல்கள் என்றும், பெயரின் மூலத்தைக் கண்டறிந்தால் குருதியின் மூலத்தையும் கண்டறிந்ததாகிவிடும் என்றும் கருதுவதே அத்தவறாகும். இக்கருத்து எத்துணை நிலையற்றது என்பதை லிஞ்ச் என்னும் ஐரிசுக் குடும்பப்பெயரின் வரலாற்றினூடாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லிஞ்ச் என்பது அயர்லாந்தில் இன்றும் பெருவழக்காயுள்ள பெயர்களுள் ஒன்று. 1890ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு தயாரிக்கப்பட்ட கணிப்பிலே நாட்டின் மிகப் பரந்த குடும்பப்பெயர்களின் வரிசையில் அது 17ஆம் இடத்தைப் பெற்றிருந்தது. அயர்லாந்தின் பிரதமர் ஒருவர், சிலி நாட்டின் கடற்படைத் தளபதி ஒருவர், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டோருள் ஒருவர், அடிமையாய்ப் பிறந்து அமெரிக்கக் காங்கிரசில் அமர்ந்த கறுப்பினத்தவர் ஒருவர், சே குவேராவின் தந்தை ஆகிய அனைவரும் இப்பெயரைத் தாங்கியவர்களே. இத்துணை வேறுபட்டோரை ஒரு பெயர் எவ்வாறு இணைத்தது என்பதே நம்முன் உள்ள வினா.

ஐரிசுக் குடும்பப்பெயர் மரபு

தந்தையின் பெயரது முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே இட்டு வழங்கும் நமக்கு, பல நூற்றாண்டுகளாக மாறாது தொடரும் குடும்பப்பெயர் என்பது ஓரளவு புதுமையானது. ஐரோப்பாவிலும் அது தொன்றுதொட்டு இருந்துவந்த வழக்கமன்று. தந்தை பெயரை மட்டும் சுட்டும் முறையே அங்கும் முன்னர் நிலவிற்று. அம்முறையினின்றும் நிலையான குடும்பப்பெயர் முறைக்கு முதலில் மாறிய நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று. 10ஆம் நூற்றாண்டு தொடங்கி அங்கு இவ்வழக்கம் வேரூன்றலாயிற்று. 916ஆம் ஆண்டில் இறந்த ஓ கிளேரி வழியினரான குறுநிலத் தலைவர் ஒருவர் பற்றிய ஆண்டுக்குறிப்பு, ஐரோப்பாவின் மிகப் பழைய குடும்பப்பெயர்ப் பதிவுகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு.

இப்பெயர்கள் இரு முன்னொட்டுகளால் ஆக்கப்பட்டன. 'ஓ' என்பது பேரன் அல்லது வழித்தோன்றல் எனவும், 'மக்' என்பது மகன் எனவும் பொருள்படும். பெண்களுக்கு இவை 'நீ', 'நிக்' எனத் திரியும். பழைய ஓகம் கல்வெட்டுகளில் 'மக்கி' என்ற வடிவில் காணப்படும் இச்சொல் நம் 'மகன்' என்னும் சொல்லை ஒத்து ஒலிப்பது தமிழ் மாணவரின் கவனத்தை ஈர்க்கும். ஆயின் கேலிக் மொழி இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தது. தமிழ் திராவிடக் குடும்பத்தது. ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது என்பதை இச்சிறு எடுத்துக்காட்டே உணர்த்தும். சொற்களுக்குப் பொருந்தும் இவ்விதி குடும்பப்பெயர்களுக்கும் பொருந்துவதை இனிக் காண்போம்.

கடலோடியின் வழிவந்தோர்

கேலிக் மொழியில் 'லொங்' என்பது கப்பலைக் குறிக்கும். அதனடியாகப் பிறந்த 'லிங்ஷக்' என்னும் சொல் கடலோடி எனப் பொருள்படுவது. இது பண்டைய அயர்லாந்தில் இயற்பெயராக வழங்கிற்று. லீன்ஸ்ரர் மக்களின் புராண மரபிலே வெளிநாட்டிலிருந்து திரும்பி ஆட்சியை மீட்டதாகக் கூறப்படும் லவ்ரா லிங்ஷக் என்னும் அரசன் இப்பெயரைக் கொண்டவன். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்க்களத்தில் மாண்ட பேரரசன் ஒருவனும் இப்பெயருடையவனே. இப்பெயரிலிருந்து தோன்றிய குடும்பப்பெயரே 'ஓ லிங்ஷி' என்பதாகும். கடலோடியின் வழித்தோன்றல் என்பது அதன் பொருள்.

இயற்பெயர் பரவலாக வழங்கியமையால், அதனடியாகப் பிறந்த குடும்பப்பெயரும் ஓரிடத்தில் மாத்திரம் தோன்றவில்லை. உல்ஸ்ரர் மாகாணத்தின் கிழக்கே தால் நாரை என்னும் சிற்றரசை ஆண்ட ஓ லிங்ஷி குடும்பம் 10ஆம், 11ஆம் நூற்றாண்டுகளில் புகழுடன் விளங்கிற்று. இதனோடு யாதொரு தொடர்புமின்றி, கோர்க், கிளெயர், லிமெரிக், சிலைகோ, டொனிகல் முதலான பகுதிகளிலும் இதே பெயர் கொண்ட குடும்பங்கள் தனித்தனியே தோன்றின. ஆங்கிலச் சாயல் சிறிதும் படியாத தூய கேலிக் வடிவிலேயே இப்பெயர் பன்மூலத்தையுடையது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

நோர்மன் வழி

1169ஆம் ஆண்டில் வேல்சிலிருந்து புறப்பட்ட நோர்மன் பிரபுக்கள் அயர்லாந்தில் காலடி வைத்தனர். 1177இல் ஜோன் டி கோர்சி என்னும் நோர்மன் வீரன் கிழக்கு உல்ஸ்ரரைக் கைப்பற்றினான். அங்கிருந்த பழைய சிற்றரசுகள் நிலைகுலைந்தன. கடலோடியின் வழிவந்தோரது ஆட்சிப் பெருமையும் அத்துடன் மங்கிற்று. மேற்கே கொனாற் மாகாணத்தை 1230களில் டி பேர்க் குடும்பத்தினர் வென்று, கொரிப் ஆற்றின் முகத்துவாரத்தில் கோல்வே நகரை நிறுவினர். இந்நகரில் 13ஆம் நூற்றாண்டில் குடியேறிய நோர்மன் வழியினருள் 'டி லெஞ்ச்' என்னும் குடும்பமும் ஒன்று. இதுவே பின்னர் லிஞ்ச் எனத் திரிந்தது.

'டி' என்னும் முன்னொட்டு ஊரைக் குறிப்பது. ஆயின் அவ்வூர் எது என்பதில் குடும்பத்தவரின் மரபுரை வேறொரு கதையைக் கூறும். தம் முன்னோர் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரினின்றும் வந்தனர் என்றும், முற்றுகையிடப்பட்ட அந்நகரைக் காத்த வீரனே தம் குலமுதல்வன் என்றும் அவர்கள் கூறிவந்தனர். லின்க்ஸ் எனப்படும் காட்டுப்பூனையைத் தம் குலச்சின்னத்திற் பொறித்தனர். லின்ஸ், லின்க்ஸ், லிஞ்ச் என்னும் ஒலியொப்புமையே இக்கதைக்கு வித்திட்டது எனக் கொள்வதில் தவறில்லை. செல்வமும் செல்வாக்கும் பெற்ற ஒரு குடும்பம் அவற்றுக்கேற்ற பழம்பெருமையையும் தேடிக்கொள்வது எந்நாட்டிலும் காணப்படும் இயல்பே.

கோல்வேயை ஆண்ட வணிகக் குடும்பங்கள் 14 ஆகும். 'கோல்வேயின் குலங்கள்' என இவை அழைக்கப்பட்டன. இவற்றுள் முதன்மை பெற்றது லிஞ்ச் குடும்பமே. 1484ஆம் ஆண்டில் மூன்றாம் றிச்சேட் மன்னனிடமிருந்து நகரத்திற்குத் தன்னாட்சிப் பட்டயத்தைப் பெற்றுக் கொடுத்தவர் டொமினிக் லிஞ்ச். முதலாவது நகர முதல்வராகப் பதவியேற்ற பியேர்ஸ் லிஞ்சும் அக்குடும்பத்தவரே. அக்காலந் தொட்டு 1654 வரையிலான 170 ஆண்டுகளில் 84 தடவைகள் இக்குடும்பத்தவர் நகர முதல்வராயினர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆண்டுக்கொரு முதல்வர் என்ற முறையில் நோக்கின் இது ஏறத்தாழச் சரிபாதியாகும். ஸ்பெயினோடும் பிரான்சோடும் நடைபெற்ற திராட்சை மது, தோல், கம்பளி வாணிகமே இச்செல்வாக்கின் அடித்தளமாயிற்று.

மதில் சூழ்ந்த இந்நகரம் புறத்தேயிருந்த கேலிக் மக்களைப் பகைவராகவே நோக்கிற்று. பெயரில் ஓ என்றோ மக் என்றோ முன்னொட்டுடையோர் நகர வீதிகளில் செருக்கி நடமாடலாகாது என்னும் கருத்தமைந்த நகரசபைச் சட்டம் 1518இல் இயற்றப்பட்டது. முன்னொட்டு ஒன்றே ஒருவர் நகருக்கு உரியவரா அயலாரா என்பதைத் தீர்மானிக்கும் எல்லைக்கோடாயிற்று. இதன்படி, நகரினுள்ளே ஆட்சி செய்த லிஞ்சும், நகருக்கு வெளியே வாழ்ந்த ஓ லிங்ஷியும் ஒருவரையொருவர் உறவினராகக் கருதியிருத்தல் இயலாது.

எனினும் அம்மதில் அவ்வளவு உறுதியானதன்று. 14 குலங்களுள் கேர்வன், டார்சி என்னும் இரண்டும் கேலிக் மூலத்தன. டார்சி என்னும் பெயர் பிரெஞ்சு மொழிப் பெயர் போலத் தோற்றினும், ஓ டொர்ஹி என்னும் கேலிக் பெயரே அவ்வாறு உருமாற்றப்பட்டது. நகரில் உயர்நிலை எய்த விழைந்தோர் வென்றோரின் பெயர் வடிவினைத் தமதாக்கிக் கொண்டமைக்கு இது தக்க சான்றாகும்.

இரு பெயர் ஒன்றானமை

அடிப்படையில் வேறான இவ்விரு பெயர்களும் எவ்வாறு ஒன்றாயின? இதற்கு விடை மொழி வரலாற்றில் உளது. கேலிக் மொழியிலே இவை இன்றும் இருவேறு பெயர்களே. ஒன்று 'ஓ லிங்ஷி'. மற்றையது முன்னொட்டற்ற 'லின்ஷக்'. ஆங்கிலத்தில் எழுதுமிடத்து இரண்டுமே லிஞ்ச் ஆகிவிடும். அதாவது, ஒரு மொழி காத்துவந்த வேறுபாட்டை மற்றொரு மொழி அழித்துவிட்டது.

இம்மாற்றம் தானே நிகழ்ந்ததன்று. 1366ஆம் ஆண்டின் கில்கெனிச் சட்டங்கள் அயர்லாந்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் ஆங்கிலப் பெயரையும் மொழியையுமே கைக்கொள்ள வேண்டும் என விதித்தன. குடியேறியோர் கேலிக் மொழியையும் பழக்கவழக்கங்களையும் ஏற்கத் தொடங்கியமையே இச்சட்டத்துக்குக் காரணம். 1465இல் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம், டப்ளினைச் சூழ்ந்த ஆங்கில ஆட்சிப் பகுதிகளில் வாழ்ந்த ஐரிசு மக்கள் ஓர் ஊரின் பெயரையோ நிறத்தின் பெயரையோ தொழிலின் பெயரையோ ஆங்கில முறைப்படி குடும்பப்பெயராக ஏற்றல் வேண்டும் எனப் பணித்தது. இச்சட்டங்கள் முழுமையாக நிறைவேறாவிடினும், 17ஆம் நூற்றாண்டில் கேலிக் ஆட்சி முறை முற்றாக வீழ்ந்த பின்னர் அவற்றின் நோக்கம் வேறு வழியால் நிறைவேறிற்று. நிலப்பதிவு, வரிப்பதிவு, நீதிமன்றம் யாவும் ஆங்கிலத்தில் நடைபெற்றன. எழுதுவோர் தம் செவிக்கு எட்டியவாறு பெயரை எழுதினர். முன்னொட்டு தாழ்நிலையின் குறியாகக் கருதப்பட்டமையால் மக்களும் அதனைக் கைவிட்டனர்.

இவ்வாறு ஓ லிங்ஷி என்பது ஓ லிஞ்சி எனவும் பின்னர் லிஞ்ச் எனவும் குறுகிற்று. டொனிகலில் வழங்கிய ஓ லிங்ஷஹான் என்னும் வேறொரு பெயரும் காலப்போக்கில் இதனுட் கலந்தது. மறுபுறம், உல்ஸ்ரரின் சில பகுதிகளில் அதே ஓ லிங்ஷி, லின்சே என்னும் ஸ்கொத்லாந்துப் பெயராக மாற்றப்பட்டது. ஒரே மூலம் இரு பெயராகவும், பல மூலங்கள் ஒரே பெயராகவும் அமைந்த இந்நிலையிலே, இன்றைய வடிவினைக் கொண்டு மூலத்தைத் துணிதல் எங்ஙனம் பொருந்தும்?

இங்கிலாந்திலும் தனியொரு லிஞ்ச் குடும்பம் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் மேட்டுநிலத்தைக் குறிக்கும் 'ஹ்லின்க்' என்ற சொல்லினின்றும் அப்பெயர் தோன்றிற்று. 17ஆம் நூற்றாண்டில் யமேக்காவின் ஆளுநராயிருந்த சேர் தோமஸ் லிஞ்ச் கென்ற் பகுதியைச் சேர்ந்த ஆங்கிலக் குடும்பத்தவர். ஆகவே கடலோடி, நோர்மன் ஊர், ஆங்கில மேடு என்னும் மூன்று வேறுபட்ட ஊற்றுகள் ஒரு பெயரில் வந்து கலந்துள்ளன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த தேசிய மறுமலர்ச்சி இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். 1893இல் கேலிக் சங்கம் தோன்றியதன் பின்னர், தம் முன்னோர் கைவிட்ட ஓ என்னும் முன்னொட்டினைப் பலர் மீண்டும் ஏற்றனர். சலிவன் ஓ சலிவனாயிற்று. கொனர் ஓ கொனராயிற்று. ஆனால் லிஞ்ச் என்னும் ஆங்கில வடிவம் ஓ லிஞ்ச் ஆகவில்லை. நோர்மன் பெயரோடு வடிவத்தில் முற்றாகக் கலந்துவிட்டமை இதற்கு ஒரு காரணமாகலாம். கேலிக் மொழியில் தம் பெயரை எழுதியபோதுதான் அம்மக்கள் இழந்த முன்னொட்டினைத் திரும்பப் பெற்றனர்.

கோல்வேயின் வீழ்ச்சியும் ஐரோப்பியப் புலப்பெயர்வும்

கோல்வே வணிகர் நோர்மன் வழியினராயினும் சமயத்தாற் கத்தோலிக்கர். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து புரட்டஸ்தாந்து நெறியைத் தழுவியபோது, அவர்கள் தம் பழைய நெறியிலேயே நிலைத்தனர். இதனால் ஆங்கில அரசுக்குப் பற்றுடையோராய் இருந்தவர்கள் படிப்படியாக அதன் ஐயத்துக்கு ஆளாயினர். இரத்தத்தாலன்றிச் சமயத்தாலும் பொதுத் துன்பத்தாலும் அவர்கள் கேலிக் மக்களோடு ஒருநிலைப்பட்டனர்.

1649இல் குரொம்வெல் அயர்லாந்தின் மீது படையெடுத்தான். 1651இல் அவனது படை கோல்வேயை முற்றுகையிட்டது. ஒன்பது மாத முற்றுகையின் பின்னர், 1652 ஏப்ரலில் நகரம் சரணடைந்தது. ஐரிசாரின் கையில் இறுதிவரை எஞ்சியிருந்த பெருநகரம் இதுவே. 1654இல் கத்தோலிக்க ஆட்சிக்குழு நீக்கப்பட்டதோடு லிஞ்ச் குடும்பத்தின் 170 ஆண்டு ஆதிக்கமும் முடிவுற்றது. 'குலங்கள்' என்னும் பெயரே குரொம்வெல்லின் படையினர் இவர்களை இழித்துரைக்க இட்டதெனவும், அதனை இவர்கள் பெருமைச் சின்னமாக ஏற்றனர் எனவும் கூறுவர். செருக்குடன் ஓ, மக் பெயர்களை விலக்கிய நகரத்தார், தாமே அந்நாட்டுக் குடிகள் போல இழித்துரைக்கப்பட்டமை வரலாற்றின் விந்தையே.

இக்காலத்தின் குரலாக விளங்குபவர் ஜோன் லிஞ்ச் என்னும் குருவானவர். கோல்வேயிற் பிறந்த இவர் நகரம் வீழ்ந்தபின் பிரான்சிற்குப் புலம்பெயர்ந்தார். அங்கிருந்து 1662இல் இலத்தீன் மொழியில் 'கம்பிரென்சிஸ் எவெர்சுஸ்' என்னும் நூலை வெளியிட்டார். 12ஆம் நூற்றாண்டில் நோர்மன் படையெடுப்பாளரின் உறவினரான கெரால்ட் என்னும் வேல்சு நாட்டு மதகுரு, ஐரிசு மக்களைக் காட்டுமிராண்டிகளாகச் சித்திரித்து எழுதியவற்றை மறுப்பதே இந்நூலின் நோக்கம். படையெடுப்பாளரின் வழிவந்த ஒருவரே படையெடுப்பின் ஆசிரியரை மறுத்து, கேலிக் மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் தம்முடையனவாகக் கொண்டு வாதாடினார். ஜெப்ரி கீற்றிங் கேலிக் மொழியில் எழுதிய அயர்லாந்து வரலாற்றினை இலத்தீனில் பெயர்த்தவரும் இவரே. ஒரு மக்களுடன் இணைவதற்குப் பிறப்பு ஒன்றே வழியன்று என்பதற்கு இவரினும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

1691ஆம் ஆண்டில் லிமெரிக் உடன்படிக்கையோடு கத்தோலிக்கரின் இறுதிப் போரும் தோல்வியில் முடிந்தது. படைவீரரும் பிரபுக்களும் வணிகரும் பெருந்தொகையினராய் ஐரோப்பாவுக்குப் பெயர்ந்தனர். பழைய வாணிகப் பாதைகளே கோல்வே மக்களுக்குப் புலப்பெயர்வுப் பாதைகளாயின. போர்தோ நகரிற் குடியேறிய ஒரு லிஞ்ச் குடும்பத்தின் மைந்தன் 1749இல் திருமண உறவின் வழியாகப் போயாக் ஊரிலுள்ள பாஜ் என்னும் திராட்சைத் தோட்டத்தைப் பெற்றான். அங்கு வடிக்கப்படும் மது இன்றும் லிஞ்ச் பாஜ் என்னும் பெயராலேயே உலகச் சந்தையில் விலைபோகின்றது. இக்குடும்பத்தவரான ஜோன் பத்தீஸ்து லிஞ்ச் போர்தோவின் நகர முதல்வரானார். 1814இல் நெப்போலியனைக் கைவிட்டுப் பிரித்தானியப் படைக்கும் பூர்போன் அரசவம்சத்துக்கும் நகரைத் திறந்துவிட்டவர் அவரே. கோல்வேயை ஆண்ட பெயர் இவ்வாறு வேறொரு துறைமுக நகரையும் ஆண்டது.

தென் அமெரிக்காவில்

1715இல் கோல்வேப் பகுதியின் லிடிகனிற் பிறந்த பற்றிக் லிஞ்ச், ஸ்பெயினின் பில்பாவோ நகர் வழியாக 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புவனஸ் அயரிஸ் சென்றடைந்தார். கத்தோலிக்கராயிருந்தமை அவருக்கு ஸ்பானியப் பேரரசின் வாயில்களைத் திறந்தது. நிலமும் செல்வமும் பெற்ற அவரது வழியினர் ஆர்ஜென்ரீனாவின் உயர்குடியினராயினர். அவ்வழியில் வந்தவரே சிலிக் கடற்படையின் பத்திரிசியோ லிஞ்ச். இளமையில் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்து சீனத்தின் அபின் போரிலும் பங்கு கொண்ட இவர், பின்னர் பசிபிக் போரில் பெருவுக்கு எதிராகச் சிலிப் படையை நடத்தினார். 1881 முதல் பெருவின் தலைநகரான லீமாவில் ஆக்கிரமிப்பு ஆட்சியின் தலைவராக விளங்கினார். பெருவின் கரும்புத் தோட்டங்களில் அடிமை நிலையில் உழைத்த சீனக் கூலிகளை விடுவித்தமையால், அவர்கள் இவரைச் 'செவ்விளவரசர்' என அழைத்தனர். பேரரசுகளால் நிலம் இழந்தோரின் வழித்தோன்றல் ஒருவர் ஒரு போரிற் பேரரசின் வீரராகவும் இன்னொரு போரில் ஆக்கிரமிப்பாளராகவும் கூலிகளின் மீட்பராகவும் தோன்றுகின்றார்.

பற்றிக் லிஞ்சின் வழியில் வந்த ஆனா லிஞ்ச் என்னும் பெண்மணியின் பேரனே ஏர்னெஸ்ரோ சே குவேரா. 1967இல் பொலிவியாவிற் சே கொல்லப்பட்ட பின்னர், 1969இல் அவரது தந்தையார் ஏர்னெஸ்ரோ குவேரா லிஞ்ச், தம் மகனின் உடலில் ஐரிசுக் கிளர்ச்சியாளரின் குருதி ஓடியதாகக் கூறினார். 2017இல் அயர்லாந்து அஞ்சற்றுறை சேயின் ஐம்பதாவது நினைவாண்டில் முத்திரை வெளியிட்டபோதும் இவ்வுறவு நினைவுகூரப்பட்டது. அவ்வெளியீடு கருத்து வேறுபாட்டையும் கிளப்பிற்று. குருதி என்ற அளவில் நோக்கின் தந்தையாரின் கூற்றுப் பொருந்தாது. சேயின் முன்னோர் ஆங்கில மன்னரின் பட்டயத்தால் வாழ்ந்த வணிகப் பிரபுக்கள். எனினும் 1651இல் மதில்மேல் நின்று குரொம்வெல்லை எதிர்த்த நகரமும் அவர்களுடையதே. எனவே கிளர்ச்சி என்பது குருதியில் வந்ததன்று, வரலாற்றால் வந்தது எனக் கொள்வதே ஏற்புடைத்து.

வினைச்சொல்லாக மாறிய பெயர்

வட அமெரிக்காவிற் சென்ற லிஞ்ச் பெயர் வேறொரு கதியை அடைந்தது. தென் கரோலினாவின் பெருந்தோட்ட உரிமையாளரான இளைய தோமஸ் லிஞ்ச் 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். மூன்றாண்டுகளின் பின் தம் மனைவியோடு கடற்பயணத்தில் மறைந்தார். அயர்லாந்தினின்றும் வேர்ஜீனியாவுக்கு இளமையிற் புலம்பெயர்ந்த ஒருவரின் மைந்தர்களுள் ஜோன் லிஞ்ச் என்பவர் லிஞ்ச்பேர்க் நகரை நிறுவினார். அவரது உடன்பிறந்தவரான சாள்ஸ் லிஞ்ச், விடுதலைப் போரின்போது 1780இல் பிரித்தானியச் சார்பினரை முறையான நீதிமன்றமின்றி விசாரித்துத் தண்டித்தார். 1782இல் வேர்ஜீனியாச் சட்டசபை அச்செயலுக்குப் பொறுப்பு விலக்களித்தது. 'லிஞ்ச் சட்டம்' என்ற தொடர் இவரினின்றும் எழுந்ததென்பர் சிலர்; அம்மாநிலத்தவரான வில்லியம் லிஞ்ச் என்பவரினின்றும் எழுந்ததென்பர் வேறு சிலர்.

கோல்வே மக்கள் இதற்கு இன்னொரு கதை கூறுவதுண்டு. 1493இல் நகர முதல்வராயிருந்த ஜேம்ஸ் லிஞ்ச் பிற்ஸ்ரீபன், கொலைக்குற்றம் புரிந்த தம் மகனைத் தூக்கிலிட எவரும் முன்வராதபோது தம் கையாலேயே தூக்கிலிட்டார் என்பதே அக்கதை. மகனுக்காக நீதியை வளைக்காத மனுநீதிச் சோழனின் கதையை அறிந்த நமக்கு இதன் கவர்ச்சி எளிதில் விளங்கும். ஆயின் இக்கதை வரலாற்றாசிரியரால் ஐயுறப்படுவது. மேலும், சட்டத்தை நிலைநாட்டியதாகக் கூறப்படும் ஒருவரின் செயலினின்றும் சட்டத்தை மீறிய கொலையைக் குறிக்கும் சொல் பிறந்தது என்பது பொருட்பொருத்தமும் உடையதன்று.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சொல் கறுப்பின மக்களைக் கும்பலாகக் கூடிக் கொலை செய்யும் கொடுமையைக் குறிப்பதாயிற்று. டஸ்கீகி நிறுவனம் தொகுத்த பதிவுகளின்படி, 1882க்கும் 1968க்கும் இடையில் 4,743 பேர் இவ்வாறு கொல்லப்பட்டனர். அவருள் 3,446 பேர் கறுப்பினத்தவர். இதனைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் 2022ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று.

இப்பெயரின் மறுமுகத்தை ஜோன் றோய் லிஞ்சின் வாழ்வில் காணலாம். 1847இல் லூசியானாவின் தோட்டமொன்றில் அயர்லாந்திற் பிறந்த மேற்பார்வையாளர் ஒருவருக்கும் அடிமைப் பெண்ணொருத்திக்கும் மகனாய்ப் பிறந்தவர் அவர். பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்பது அன்றைய சட்டமாகையால், தந்தையின் பெயர் கிடைத்தும் தந்தையின் சுதந்திரம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1863இல் வடபுலப் படையின் வருகையோடு விடுதலை பெற்ற அவர், 1872இல் மிசிசிப்பி சட்டசபையின் முதலாவது கறுப்பினச் சபாநாயகரானார். 1873இல் 26ஆம் அகவையிற் காங்கிரசில் அமர்ந்தார். 1913இல் அடிமை ஒழிப்புக்குப் பின்னான மறுசீரமைப்புக் காலம் பற்றி நூலெழுதி, கறுப்பின மக்கள் ஆட்சிக்குத் தகுதியற்றோர் என்னும் பொய்மையை மறுத்தார். ஜோன் லிஞ்ச் என்னும் குருவானவர் 1662இல் செய்ததும் இத்தகைய மறுப்பே. இருவரையும் இணைப்பது பெயரன்று. இழித்துரைக்கப்பட்ட மக்களின் வரலாற்றை மீட்டெழுதிய பணியே.

பெரும் பஞ்சமும் பின்னரும்

மேற்கூறியோர் பெரும்பாலும் வசதி படைத்தோர். பெயரைத் தாங்கிய சாதாரண மக்கள் பெருந்தொகையினராய்ப் புலம்பெயர்ந்தது 1845 முதல் 1852 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின் போதாகும். உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கு மேற்பட்டோர் கப்பலேறினர். 1841இல் 81 இலட்சத்துக்கு மேலிருந்த குடித்தொகை 1901இல் 45 இலட்சத்துக்கும் குறைந்தது. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் துறைமுகங்களில் இறங்கிய லிஞ்ச் என்னும் பெயருடையோருட் பலர் கோல்வேப் பிரபுக்களின் வழியினரல்லர். ஓ லிங்ஷி வழிவந்த உழவரும் கூலியாட்களுமே. கடலோடியின் பெயரைத் தாங்கியோர் கடலோடும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். எழுதுவோரிடம் தம் பெயரை ஆங்கில ஒலியிற் கூறியபோது, முன்னொட்டோடு தம் வரலாற்றின் ஒரு பகுதியையும் அவர்கள் கரையில் விட்டுச் சென்றனர்.

தாயகத்தில் எஞ்சியோரது வழியிலும் புகழ்பெற்றோர் உளர். அயர்லாந்துக் குடியரசுப் படையின் தலைமைத் தளபதியாயிருந்து உள்நாட்டுப் போரில் 1923 ஏப்ரலில் சுடப்பட்டு இறந்த லியம் லிஞ்ச் லிமெரிக்கைச் சேர்ந்தவர். 1966 முதல் 1973 வரையும், 1977 முதல் 1979 வரையும் பிரதமராயிருந்த ஜாக் லிஞ்ச் கோர்க்கைச் சேர்ந்தவர். கேலிக் மொழியில் இவர்தம் பெயர்கள் ஓ என்னும் முன்னொட்டுடனேயே எழுதப்படுகின்றன. 1518இல் கோல்வே வீதிகளில் நடமாடத் தடைசெய்யப்பட்ட அதே முன்னொட்டு, நாட்டின் பிரதமரது பெயரில் அமர்ந்தது.

முடிவுரை

1957இல் 'ஐரிசுக் குடும்பங்கள்' என்னும் நூலை வெளியிட்ட எட்வேட் மக்லைசாற், பெயர் பற்றிய கற்பனைகளை ஆவணங்களின் துணைகொண்டு களைந்த முன்னோடியாவார். அண்மைக்கால மரபணு ஆய்வுகளும் பரந்து வழங்கும் ஐரிசுப் பெயர்களிற் பல ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்களை உடையன என்பதையே காட்டுகின்றன. ஆவணமும் அறிவியலும் இவ்விடத்து ஒன்றுபடுகின்றன.

எனவே, லிஞ்ச் என்னும் பெயர் ஒரு குருதியின் வரலாறன்று. கேலிக், நோர்மன், ஆங்கில மூலங்களை உடைய பல குடும்பங்கள் படையெடுப்பு, வாணிகம், சட்டம், சமயப்பகை, அடிமைமுறை, பஞ்சம் ஆகியவற்றால் ஒரே எழுத்துவடிவுக்குள் கொண்டுவரப்பட்டமையின் வரலாறே அதுவாகும். பெயரின் தொன்மையைக் கொண்டு தாமே தூயர் என்றும் பிறர் வந்தேறிகள் என்றும் உரிமை கொண்டாடுவோர்க்கு இவ்வரலாறு இடந்தராது. மதிலுக்குள் இருந்தோர் வந்தேறிகளாயினும் அந்நாட்டவராயினர். மதிலுக்கு வெளியே நின்றோர் அந்நாட்டவராயினும் வந்தேறிகளின் பெயரைப் பெற்றனர். ஒரு பெயரைக் காணுமிடத்து, இவர் யாருடைய வழித்தோன்றல் என வினவுவதிலும், எந்நிலைமைகள் இப்பெயரை இவருக்கு அளித்தன என வினவுவதே வரலாற்று மாணவரின் கடமையாகும்.